பிரெஞ்சு படித்து என்ன செய்யப் போகிறாய்?

2016ஆம் ஆண்டு மாரி காலத்தில் ஒருநாள், திருகோணமலை உட்துறைமுகக் கரையோரச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி எமது நிலையத்துக்கு வந்தார். மழையில் நனையாதிருக்க பொலித்தீன் பையில் சுற்றிய சில தாள்கள் அவரது கையில் இருந்தன. கணவர் யுத்தம் முடிந்த அடுத்த வருடம் பிரான்சுக்குப் போனவர். அங்கே அவருக்கு அகதி அந்தஸ்துக் கிடைத்து, மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் அழைப்பதற்கு விண்ணப்பித்திருந்தார். அதற்கு வந்த பதிலின் பிரதிதான் அந்தத் தாள்கள்.

"மிஸ், இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ. அவர் போனில சொல்லுறது எனக்கு விளங்கேல்லை. அவருக்கும் விளங்கேல்லைப் போல."

நான் சமூகவியல் பட்டதாரி. தமிழும் ஆங்கிலமும் எழுதுவேன், சிங்களம் பேசுவேன். அந்தத் தாளிலோ எனக்குத் தெரிந்தவை மூன்றே விடயங்கள்: அந்தச் சகோதரியின் பெயர், அவரது ஊர், ஒரு திகதி. மீதி எல்லாம் இருட்டு. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். படித்த பிள்ளை வாசித்துவிடும் என்று நம்பி இரண்டு பஸ் ஏறி வந்தவர்.

இரண்டு கிழமைக்குப் பின்னர்தான், தெரிந்த ஒருவர் மூலமாகக் கடிதத்தின் பொருள் தெரிய வந்தது. சிக்கல் பெயரில் இருந்தது. பிரெஞ்சுப் படிவங்களில் இரண்டு கட்டங்கள் இருக்கும். 'நோம்' என்ற கட்டத்தில் குடும்பப் பெயர், 'பிரெநோம்' என்ற கட்டத்தில் தனக்கு இட்ட பெயர். தமிழர்களாகிய எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. தகப்பனின் பெயரை முன்னால் போடுகிறோம். கலியாணம் முடித்தால் கணவனின் பெயரைப் பின்னால் போடுகிறோம். ஆகவே கணவனுக்கு அவரது தகப்பனின் பெயர் குடும்பப் பெயர், மனைவிக்குக் கணவனின் பெயர் குடும்பப் பெயர், பிள்ளைக்கும் தகப்பனின் பெயர். ஒரே வீட்டில் ஒரே பெயர் ஒருவருக்குத் தனிப்பெயராகவும் மற்றவர்களுக்குக் குடும்பப் பெயராகவும் இருக்கிறது. எங்களுக்கு இதில் ஒரு குழப்பமும் இல்லை. வாசிக்கும் பிரெஞ்சு அலுவலருக்கோ இவர்கள் ஒரே குடும்பமா என்ற சந்தேகம். போதாக்குறைக்கு, காசு வாங்கிக்கொண்டு பத்திரங்களை மொழிபெயர்த்துக் கொடுத்தவர் பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரியும் விவாகச் சான்றிதழில் இன்னொரு மாதிரியும் எழுதியிருந்தார்.

அதைத் திருத்தி எடுப்பதற்கு ஒரு வருடமும் இரண்டு மாதமும் சென்றன. அந்தக் காலத்தில் அவரது மூத்த பெண்பிள்ளை பெரியபிள்ளையானது. தகப்பன் போனில் பார்த்தார்.

நான் பிரெஞ்சு படிக்கத் தொடங்கிய கதை இதுதான். வெள்ளிக்கிழமை இரவு திருகோணமலையிலிருந்து கொழும்புக்கு பஸ் ஏறி, விடியற்காலையில் இறங்கி முகம் கழுவி, அலியான்ஸ் பிரான்சேஸ் வகுப்புக்குப் போய், அன்றிரவே திரும்பி வருவேன். வகுப்பில் இருந்தவர்களில் பெரும்பாலானோர் என்னைவிடப் பத்து வயது இளையவர்கள். 2020இல் கொரோனா வந்து எல்லாரும் வீட்டுக்குள் அடைந்த பிறகு வகுப்புகள் கணினிக்கு வந்தன. மற்றவர்களுக்கு அது கஷ்டம். எனக்கு மட்டும் பஸ் காசு மிச்சம்.

இப்போது பிரான்சிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்தில், தொலைக்கல்வி மூலமாக, பிரெஞ்சு மொழியும் இலக்கியமும் என்ற முதுமாணிக் கற்கையின் இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். குளிர்காலத்தில் அவர்களுக்கும் எங்களுக்கும் நாலரை மணித்தியால வித்தியாசம். அங்கே பின்னேரம் ஐந்து மணி வகுப்பு எனக்கு இரவு ஒன்பதரை. வேலை முடிந்து, சமைத்து, அம்மாவுக்கு மருந்து கொடுத்துவிட்டு இருக்கிறேன். அம்மா கேட்பது ஒரே கேள்வி. "முப்பத்தாறு வயசில பிரெஞ்சு படிச்சு என்ன செய்யப் போறாய்?"

கடிதம் வாசிப்பதுதான் நோக்கமென்றால் முதுமாணி தேவையில்லை. அம்மாவின் கேள்வியில் நியாயம் இருக்கிறது. மொழியைப் படித்து முடித்ததோடு நின்றிருக்கலாம். நிற்காததற்குக் காரணம் இலக்கியம்.

அதற்கு முன் ஊர்க்கதை ஒன்று. முதல் வகுப்பில் ஒவ்வொருவரும் எந்த ஊர் என்று ஆசிரியர் கேட்டார். திருகோணமலை என்றேன். அவருக்குப் புரியவில்லை. வரைபடத்தைக் காட்டியதும், "ஓ, த்ரேங்கமாலே!" என்றார். பழைய பிரெஞ்சு ஆவணங்களில் எங்கள் ஊருக்கு அதுதான் பெயராம். 1672 மார்ச்சில் தெ லா ஏ என்ற தளபதியின் தலைமையில் பிரெஞ்சுக் கப்பற்படை எங்கள் துறைமுகத்துக்கு வந்தது. ஒல்லாந்தரை விரட்டுவதற்கு உதவி கிடைக்கும் என்று கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கன் அவர்களை வரவேற்றான். மன்னனிடம் போன பிரெஞ்சுத் தூதுவர் லனரோல் அரண்மனை மரியாதையை மீறி நடந்ததால் தடுத்து வைக்கப்பட்டார், நாடு திரும்பவேயில்லை. இலங்கையில் இன்றும் உள்ள லனரோல் என்ற குடும்பப் பெயர் அவர் வழி வந்தது என்பார்கள். உணவும் இல்லாமல் ஒல்லாந்தரையும் சமாளிக்க முடியாமல் அந்தப் படை ஜூலை மாதம் கிளம்பி, சென்னைக்கு அருகே சாந்தோமைப் பிடித்தது. அங்கிருந்தும் தோற்றுப் போகும் வேளையில், 1674இல், பிரான்சுவா மார்த்தேன் என்பவர் புதுச்சேரியில் குடியமர்ந்தார். 1782 ஆகஸ்டில் சுப்ரேன் என்ற கடற்படைத் தளபதி மறுபடியும் வந்து ஆங்கிலேயரிடமிருந்து எங்கள் கோட்டைகளைப் பிடித்தார். சமாதானம் வந்ததும் அவை ஒல்லாந்தர் கைக்குத் திரும்பின. 1672இல் எங்கள் துறைமுகத்தில் அவர்கள் நிலைத்திருந்தால் புதுச்சேரியில் இருக்கும் பிரெஞ்சுத் தெருக்கள் இன்று உட்துறைமுக வீதியில் இருந்திருக்குமோ என்னவோ. ஆளாளுக்கு வந்து பிடித்த துறைமுகம் இது. கரையில் இருந்த சனங்களைப் பற்றி அந்த ஆவணங்களில் நான் தேடியவரை அதிகம் எழுதப்படவில்லை.

இனி இலக்கியத்துக்கு வருகிறேன்.

பாடத்திட்டத்தில் பழைய நாடகங்கள் உண்டு, கவிதை உண்டு, மொழியியல் உண்டு. ராசீன் என்ற நாடகாசிரியரோடு நான் பட்ட பாட்டை இங்கே சொல்லி உங்களைச் சலிப்படைய வைக்க விரும்பவில்லை. என்னைப் பிடித்து நிறுத்தியது மார்கரித் துராஸ் எழுதிய 'லா துலேர்' என்ற சிறிய புத்தகம். வேதனை என்று தமிழில் சொல்லலாம். துராஸ் 1914இல் இன்றைய வியட்நாமில், சைகோனுக்கு அருகே பிறந்தவர். இரண்டாம் உலக யுத்தத்தில் ஜெர்மானியர் பிரான்சைப் பிடித்திருந்தபோது அவரும் கணவர் றொபேர் அந்தெல்மும் எதிர்ப்பியக்கத்தில் இருந்தார்கள். 1944 ஜூன் மாதம் கணவர் பிடிபட்டு, ஜெர்மன் முகாம்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். 1945 ஏப்ரலில் முகாம்கள் ஒவ்வொன்றாகத் திறக்கப்படுகின்றன, ஆட்கள் திரும்பி வருகிறார்கள், இவர் வரவில்லை. அந்த நாட்களைத்தான் அந்தப் பெண் எழுதி வைத்திருக்கிறார். தொலைபேசி அடித்தால் நெஞ்சு நிற்கும். கதவு தட்டினால் நிற்கும். றெயில் நிலையத்துக்குப் போய், வந்திறங்குபவர்களிடம் பெயரைச் சொல்லிக் கேட்பார். ஏதோ ஒரு பள்ளத்தில் அவர் விழுந்து கிடப்பதாகக் கண்ணை மூடினால் தெரியும். சாப்பிட மாட்டார். எழுதிய கொப்பிகளை எங்கோ வைத்துவிட்டு மறந்து, பல வருடங்களுக்குப் பின் வீட்டு அலுமாரியில் கண்டெடுத்து, 1985இல்தான் புத்தகமாக்கினார். இதை எப்போது எழுதினேன் என்று நினைவே இல்லை என்கிறார்.

இந்தப் புத்தகத்தை நான் எமது மகளிர் வட்டத்தில் கதையாகச் சொன்னேன். சனிக்கிழமை பின்னேரங்களில் கூடும் வட்டம் அது. பதினைந்து பேர் வருவார்கள். ஆறு பேரின் கணவரோ மகனோ காணாமல் போனவர்கள். நான் சொல்லச் சொல்ல, தையல் வேலையில் இருந்த கைகள் நின்றுவிட்டன. பஸ் நிலையத்தில் நின்று கேட்டவர்கள், முகாம் வாசலில் நின்று கேட்டவர்கள், புகைப்படத்தோடு கச்சேரி கச்சேரியாக ஏறி இறங்கியவர்கள்.

"அந்தாள் வந்தவரோ?" என்று ஒரு அக்கா கேட்டார்.

வந்தார். தஹாவ் முகாமில், பிற்காலத்தில் பிரான்சின் ஜனாதிபதியான பிரான்சுவா மித்தெரான் அவரைத் தற்செயலாகக் கண்டுகொண்டார். நாற்பது கிலோவும் இல்லாத உடம்போடு நண்பர்கள் காரில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கஞ்சி கொடுத்துப் பிழைக்க வைத்தார்கள்.

எல்லாரும் மௌனமாக இருந்தார்கள். பிறகு அதே அக்கா, "பேந்து சந்தோசமா இருந்தவையோ?" என்றார்.

"இல்லை அக்கா. பிரிஞ்சிட்டினம்."

அவர் சிரித்தார். எனக்கு அது எதிர்பாராத சிரிப்பு. "வந்தாலும் கஷ்டம்தான் எண்டு எழுதியிருக்கிறாவே. அது உண்மைதான்" என்றார். பதினாறு வருடமாகக் காத்திருப்பவர் அப்படிச் சொன்னார். வேறு யாரும் அவரிடம் அப்படி ஒரு வார்த்தையைச் சொல்லத் துணிந்திருக்க மாட்டார்கள்.

அன்றிரவு என் ஆய்வுக்கட்டுரையின் தலைப்பை மாற்றினேன்.

நான் இப்போது எழுதிக்கொண்டிருப்பது ஷார்லோத் தெல்போ என்ற இன்னொரு பெண்ணைப் பற்றி. அவர் 1913இல் பிறந்தவர், நாடகக் குழு ஒன்றின் செயலாளராக வேலை செய்தவர். 1942 மே மாதம் அவரது கணவரைச் சுட்டுக் கொன்றார்கள். 1943 ஜனவரி 24ஆம் திகதி புறப்பட்ட றெயிலில் 230 பெண்களில் ஒருவராக அவரையும் அவுஷ்விற்ஸ் முகாமுக்கு அனுப்பினார்கள். உயிரோடு திரும்பியவர்கள் 49 பேர். திரும்பியதும் எழுதிய முதல் புத்தகத்தை அவர் உடனே அச்சுக்குக் கொடுக்கவில்லை. நல்ல எழுத்தா, காலம் தாங்குமா என்று பார்க்க இருபது வருடம் வைத்திருந்து 1965இல் வெளியிட்டார். அதே வருடம் இன்னொரு புத்தகமும் வந்தது. அதில் கதையே இல்லை. அந்த 230 பெண்களின் பெயர்களும் அகரவரிசையில் இருக்கின்றன. ஒவ்வொருத்தியும் எங்கே பிறந்தாள், என்ன வேலை செய்தாள், எப்படிப் பிடிபட்டாள், எப்படி இறந்தாள் அல்லது திரும்பினாள் என்று எழுதியிருக்கிறார். தையற்காரி, பல்வைத்தியர், தாதி, விவசாயி மனைவி. சிலருக்கு இரண்டு பக்கம். சிலருக்கு இரண்டு வரி; அவளைத் தெரிந்தவர்கள் எவரும் மிஞ்சவில்லை என்பதால். அந்த இரண்டு வரியையும் அவர் விடவில்லை.

எமது நிலையத்தில் அலுமாரி நிறையக் கோப்புகள் உண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு படிவம். இறந்தவர் பெயர், திகதி, உறவுமுறை, பெறப்பட்ட உதவி. நூற்றுக்கணக்கில் நானே நிரப்பியிருக்கிறேன். அந்த மனிதர் என்ன தொழில் செய்தார் என்று கேட்க ஒரு கட்டம்கூட அதில் இல்லை என்பதை, தெல்போவை வாசிக்கும் வரை நான் கவனிக்கவில்லை.

அல்ஜீரியப் பெண் எழுத்தாளர் அஸியா ஜெபாரையும் குறிப்பிட வேண்டும். பிரெஞ்சுக்காரர் ஆண்ட நாட்டில் பிறந்து, அவர்களது மொழியிலேயே எழுதி, விடுதலைப் போரில் பங்கெடுத்த தன் தாய்வழி ஊர்ப் பெண்களின் வாய்மொழிகளைத் திரைப்படமாகவும் எழுத்தாகவும் ஆக்கியவர். 2005இல் பிரெஞ்சு அக்கடமிக்குத் தெரிவானார். ஆண்டவனின் மொழியில் எழுதுவது சரியா என்ற கேள்வி அவரை வாழ்நாள் முழுவதும் விடவில்லை. எனக்கும் அந்தக் கேள்வி உண்டு. ஆனால் எங்களைப் பற்றிய தீர்மானங்கள் எழுதப்படும் மொழி எனக்குத் தெரியாமல் இருப்பது அதைவிட மோசம் என்று நினைக்கிறேன்.

ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். பிரெஞ்சுக் குடியியற் சட்டத்தில் காணாமல் போனவருக்கு இரண்டு சொற்கள் இருக்கின்றன. ஒருவர் எங்கே போனார் என்றே செய்தியில்லை என்றால் அவர் 'அப்சான்', அதாவது இல்லாதிருப்பவர். நீதிமன்றம் முதலில் அவர் இல்லாதிருப்பதாக அனுமானிக்கிறது. அதிலிருந்து பத்து வருடம் கழிந்த பின்னரே, இறந்தவருக்குரிய சட்ட விளைவுகளோடு அது உறுதியாகிறது. உயிராபத்தான சூழலில் மறைந்து, உடல் கிடைக்காதவர் 'திஸ்பாரு', மறைந்தவர். அவர் விடயத்தில் நீதிமன்றம் மரணத்தை உடனேயே அறிவிக்கலாம். இரண்டு சொல்லுக்கும் இடையில் ஒரு மனைவியின் பத்து வருடம் கிடக்கிறது. எங்கள் தமிழிலும் 'காணாமல் போனவர்' என்பதை விட்டு 'காணாமல் ஆக்கப்பட்டவர்' என்று சொல்லும்படி தாய்மார்தான் எல்லாருக்கும் பழக்கினார்கள். வலிந்து காணாமல் ஆக்கப்படுதலுக்கு எதிரான சர்வதேச உடன்படிக்கை 2007 பெப்ரவரியில் பாரிசில்தான் கையொப்பத்துக்குத் திறக்கப்பட்டது. இலங்கை 2016இல் அதை ஏற்று உறுதிப்படுத்தியது, 2018இல் சட்டமாக்கியது.

பிரெஞ்சு என்றதும் எங்கள் மாவட்டத்து மக்களுக்கு நினைவுக்கு வருவது வேறொன்று. 2006 ஆகஸ்ட் 4ஆம் திகதி மூதூரில், ஏ.சி.எப். என்று நாங்கள் அழைத்த பிரெஞ்சுத் தொண்டு நிறுவனத்தின் 17 பணியாளர்கள் தங்கள் அலுவலக வளவுக்குள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நான்கு பேர் பெண்கள். சுனாமிக்குப் பிறகு எங்களுக்குக் குடிநீர் தந்த நிறுவனம் அது. 2013 டிசம்பரில் அந்த நிறுவனம் தன் அறிக்கையை வெளியிட்டு, படையினரே காரணம் என்று குற்றஞ்சாட்டியது. இதுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை. அந்த நிறுவனத்தின் பிரெஞ்சுப் பெயரின் பொருள் 'பசிக்கு எதிராகச் செயல்' என்பது. அந்த மூன்று எழுத்துப் பொறித்த சட்டைகளை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். பொருள் தெரிந்தது முதலாம் படி வகுப்பில்.

படிக்க விரும்பும் சகோதரிகளுக்குச் சில விபரங்கள். பிள்ளைகள் க.பொ.த. உயர்தரத்தில் பிரெஞ்சை ஒரு பாடமாக எடுக்கலாம். களனிப் பல்கலைக்கழகத்தில் கலைமாணிப் பட்டத்துக்கும் படிக்கலாம். என்னைப்போல் வேறு பாடத்தில் பட்டம் பெற்றவர்கள் முதலில் மொழித் தேர்ச்சிச் சான்றிதழ் பெற வேண்டும். 'தெல்ப்' என்ற பரீட்சை ஏ1, ஏ2, பி1, பி2 என்று நான்கு படி. அதற்கு மேல் சி1, சி2 என்ற இரண்டு படிகள் 'தால்ப்' என்ற பரீட்சையில். ஒருமுறை எடுத்தால் ஆயுளுக்கும் செல்லும். பிரெஞ்சுப் பல்கலைக்கழகங்கள் பொதுவாக பி2 கேட்கும். இலக்கியத்துக்குச் சில இடங்களில் சி1 கேட்பார்கள். பி2 வரை வர எனக்கு நாலரை வருடம் சென்றது. வேலையில்லாதவர் இரண்டு வருடத்தில் வரலாம். முதுமாணி இரண்டு வருடம், 120 புள்ளி, முடிவில் ஓர் ஆய்வுக்கட்டுரை. தமிழ்நாட்டுப் பக்கம் போக வசதியுள்ளவர்களுக்குப் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு முதுகலை இருக்கிறது. இந்திய அரசின் புலமைப்பரிசில்களையும் விசாரித்துப் பாருங்கள்.

காசு பற்றி மறைக்காமல் சொல்ல வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவருக்கு முதுமாணிக் கட்டணம் 2019இல் ஆண்டுக்கு 3770 யூரோ என்று நிர்ணயிக்கப்பட்டது. பிறகு கூடியிருக்கிறது. பல பல்கலைக்கழகங்கள் விலக்குத் தந்து வந்தன, எல்லாம் அல்ல. விண்ணப்பிக்கும் முன் எழுதிக் கேளுங்கள். எனக்கு விலக்குக் கிடைத்தது. கிடைக்காவிட்டால் இந்தக் கட்டுரையே இல்லை. 2022இல் ரூபாய் விழுந்தபோது புத்தகம் வாங்கவே வழியில்லாமல், கடவுச்சொல் தந்த ஒரு வகுப்புத் தோழியின் தயவில் கணினித் திரையில் வாசித்தேன். கண்ணாடி போட்டது அதற்குப் பிறகுதான்.

முதலில் கடிதத்தோடு வந்த சகோதரி இப்போது பாரிசுக்கு வெளியே ஒரு நகரத்தில் இருக்கிறார். மகள் பள்ளிக்கூடத்தில் என்னைவிட நன்றாகப் பிரெஞ்சு பேசுகிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் என் உச்சரிப்பைத் திருத்துவது அவளுக்குப் பொழுதுபோக்கு.

போன மாதம் மகளிர் வட்டத்தில், அன்று சிரித்த அக்கா ஒரு அப்பியாசக் கொப்பியைக் கொண்டு வந்து தந்தார். தெல்போ எழுதிய மாதிரித் தன் கணவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தார். பிறந்த ஊர், எத்தனையாம் வகுப்பு வரை படித்தவர், கரைவலையில் எந்தச் சம்மாட்டியிடம் வேலை செய்தவர், புட்டுக்கு எந்த மீன் குழம்பு வேண்டும் என்பார், கடைசியாக என்ன நிறச் சேட்டுப் போட்டிருந்தார் என்று எல்லாம் இருந்தது. "இதை அந்த மொழியிலயும் எழுதித் தாங்கோ மிஸ்" என்றார்.

பாதி எழுதியிருக்கிறேன். கரைவலைக்குச் சொல் கிடைத்துவிட்டது. சம்மாட்டிக்குத்தான் இன்னும் கிடைக்கவில்லை.